வயது ஏறாத பிள்ளைகள்

தேடுதல் பிரிவில் வேலை பார்த்த எழுத்தருக்கு 'அச்சுக்கூடம்' என்று பட்டப்பெயர். கையெழுத்து அப்படி. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், அச்சடித்ததோ என்று தடவிப் பார்க்கத் தோன்றும். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் என்னவோ அதை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டிலும் இதே கூத்து. உப்பு ஜாடியில் 'உப்பு' என்று எழுதி ஒட்டிய மனிதர். "எங்க வீட்டுக்காரருக்குத் தப்பே வராது, வந்தாலும் அழகா வரும்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்கிறோம் என்று அந்த அம்மாளுக்கே அப்போது தெரியாது.

வேலை இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் மேலே இருந்த அணை உடைந்து, ஒரே காலையில் ஆற்றின் இரண்டு கரையும் தண்ணீரில் போயின. தப்பித்தவர்களை அகப்பட்ட வண்டியில் ஏற்றி, அகப்பட்ட திசையில் கொண்டுபோனார்கள். அம்மா ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில். தனியாய் நின்ற பிள்ளைகளை இருபது காப்பகங்களில் பிரித்துச் சேர்த்தார்கள். அதற்கப்புறம் நிவாரண அமைப்பு ஒன்று பழைய கிடங்கின் மாடியில் மூன்று அறை எடுத்து, 'தேடுதல் பிரிவு' என்று பலகை மாட்டியது.

முதல் அறையில் பெஞ்சுகள். பிள்ளையைத் தேடி வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து ஓர் அட்டை நிரப்பிக் கொடுப்பார்கள். நடு அறையில் அந்த அட்டைகள் அடுக்கிய இழுப்பறைகள். கடைசி அறையில் எழுத்தரும் அவருடைய பதிவேடும். காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளின் விவரமெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். அட்டையையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, இந்த அம்மாவுக்கு இந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் வயதைப் பார்ப்பார்கள். அட்டையில் பத்து என்றிருந்தால் பதிவேட்டில் எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மட்டும் பார்ப்பார்கள். வயது ஒத்துவந்தால்தான் பெயர், அடையாளம், மற்றதெல்லாம்.

முதல் வருஷத்திலேயே இரண்டாயிரம் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, எழுத்தரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உழைத்தார். அதற்கப்புறம் மாதத்துக்கு ஒன்று, இரண்டு கிடைத்தால் பெரிது. பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மிச்சம் நிற்க, அதுவும் நின்றுபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை, மிச்சமிருக்கும் பெற்றோருக்குப் பிள்ளை இல்லை என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

ஒரே ஒருத்தி தேற்றிக்கொள்ளவில்லை. தையல்காரி. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, அக்கரையில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்தவள். எழுந்து நடந்து இந்தப் பிரிவைக் கண்டுபிடித்து வரவே ஒன்றே முக்கால் வருஷம் ஆகிவிட்டது. தண்ணீர் வந்தபோது அவளுடைய மகளுக்கு எட்டு வயது; அட்டை எழுதும்போது பத்து. அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். கழுத்தில் அளவு நாடா தொங்கும், கழற்ற மறந்திருப்பாள். எழுத்தரின் மேசைக்கு எதிரே நின்று, "ஏதாவது தெரிஞ்சுதாங்க ஐயா?" என்று கேட்பாள். அவர் இல்லை என்பார். சரி என்று போய்விடுவாள். வருஷத்தில் ஒரு மாதம் மட்டும், மகள் பிறந்த மாதத்தில், அட்டையை வாங்கிப் பழைய வயதை அடித்துப் புது வயதை எழுதுவாள். அப்படிச் செய்யச் சொல்லி முதல் அறையில் ஒரு அறிவிப்பே ஒட்டியிருந்தது, அச்சுக்கூடத்தாரின் முத்து முத்தான எழுத்தில். மற்றவர்களில் பாதிப் பேர் அதைப் படிக்கவில்லை. இவள் பத்தை அடித்துப் பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதி, இப்போது பதினைந்தில் வந்து நிற்கிறாள்.

இந்த இடத்தில்தான் அமைப்பின் விதி ஒன்று குறுக்கே வந்தது. ஏழு வருஷம் ஆன அட்டைகளை மூடிவிட வேண்டுமாம். மூடினால் 'முடிந்தவை' என்று எழுதிய இரும்பு அலமாரிக்குள் போகும். அப்புறம் யாரும் எடுத்துத் தேட மாட்டார்கள். தண்ணீர் வந்த நாளிலிருந்து கணக்கு. எல்லா அட்டைக்கும் ஒரே நாள்தான் கெடு, அதற்கு இன்னும் பதினொரு நாள். தையல்காரியிடம் அதைச் சொல்ல வேண்டியவர் எழுத்தர். நாலு வாரமாகச் சொல்ல வாய் வரவில்லை அவருக்கு.

இந்த நேரத்தில் மருமகள் வந்து சேர்ந்தாள். ஆமாம், சொந்த மருமகள், மகனுடைய மனைவி, ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவள். அதே அமைப்பின் கணினிப் பிரிவில் வேலை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றைப் பழக்கி, தேடுதல் பிரிவில் கொண்டுவந்து வைக்கிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. பதிவேடு, அட்டை, காப்பகங்கள் இத்தனை வருஷமாக அனுப்பி மூட்டைகட்டிக் கிடந்த பதினோராயிரம் கடிதத் தாள், எல்லாவற்றையும் படம் பிடித்துக் கொடுத்தால் அதுவே படித்துவிடுமாம். எழுத்தர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாமனார் வேலையில் மருமகள் மூக்கை நுழைப்பதா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. அலுவலகத்திலோ எல்லோருக்கும் கொண்டாட்டம். மென்பொருளுக்குச் 'சின்னவர்' என்று பெயர் வைத்து, "சின்னவர் வந்துட்டாரு, பெரியவர் இனி ரெஸ்ட் எடுக்கலாம்" என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

சின்னவர் முதல் நாள் மானத்தை வாங்கினார். பல் விழுந்த ஏழு வயதுப் பையனையும், காணாமல் போன எண்பது வயதுக் கிழவர் ஒருவரைத் தேடி யாரோ கொடுத்துவிட்டுப் போன அட்டையையும் சேர்த்துவைத்து, 'இரண்டு பேருக்கும் முன்பல் இல்லை, இரண்டு பேரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று காட்டினார். எழுத்தர் அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மருமகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதுதான் அந்தப் பெண்ணிடம் அவருக்குப் பிடித்த விஷயம். தன் சரக்கைத் தூக்கிப் பிடிக்க மாட்டாள். மறுநாள் உட்கார்ந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், சந்தேகம் வந்தால் மனிதர்களைக் கேட்கவும் அதற்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மனிதர்களுக்கே அதைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை, இவள் யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறாளே என்று அவருக்கு உள்ளுக்குள் ஆச்சரியம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மருமகள் கடைசி அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்னம்மா என்றார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் சின்னவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், குற்றம் சொல்லாமல், ரொம்ப மரியாதையாக. 'ஏழு வருடப் பதிவேடுகளிலும் 312 பிள்ளைகளின் வயது மாறாமல் இருக்கிறது. இது சேர்ந்த அன்று இருந்த வயதா, இன்றைய வயதா? அட்டைகளில் இன்றைய வயது இருப்பதால் கேட்கிறேன்.'

எழுத்தருக்கு முதலில் கோபம்தான் வந்தது. உன் பெட்டிக்கு என்னம்மா தெரியும், பதிவேடு என்றால் என்னவென்று தெரியுமா அதற்கு என்று கத்தினார். கத்திக்கொண்டே எழுந்துபோய் ஏழு நோட்டுகளையும் எடுத்துவந்து மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பதிவேடு ஒரு வருஷத்தில் கிழிந்து நைந்துபோகும். அதனால் ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் புது நோட்டு வாங்கி, மிச்சமிருக்கும் பிள்ளைகளை வரி வரியாக அதில் பெயர்த்து எழுதுவார். மூன்று வாரம் பிடிக்கும். வேறு யாரையும் தொட விட மாட்டார். பார்த்து எழுதுகிறவன் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் அது பதிவேடு இல்லை, கட்டுக்கதை என்பது அவருடைய கொள்கை. அதன்படியே எழுதினார். சேர்ந்த நாளைப் பார்த்துச் சேர்ந்த நாளை எழுதினார், வயதைப் பார்த்து வயதை எழுதினார். பெற்றவர்களிடம் வயதைத் திருத்தச் சொல்லி அறிவிப்பு எழுதி ஒட்டிய அதே கை. இழுப்பறையில் அட்டை வளர்ந்துகொண்டே போனது, பதிவேட்டில் பிள்ளை வளரவே இல்லை. திருத்தாத பெற்றோரின் அட்டை எப்போதாவது தற்செயலாக ஒத்துப்போயிருக்கும். சொன்னதைக் கேட்டுத் திருத்தியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

விரலை வைத்து ஒரு வரியை ஏழு நோட்டிலும் தொட்டுக்கொண்டே போனார். ஆறு. ஆறு. ஆறு. ஏழாவது நோட்டிலும் ஆறு. ஒவ்வொன்றும் அப்படி அழகாக இருந்தது. அடுத்த வரிக்குப் போனார். நாலு, நாலு, நாலு. நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். குடிக்கவில்லை.

"இன்னிக்கு என்ன வயசுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்துட்டேன் மாமா. அதான் உங்ககிட்ட வந்தேன்."

சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு வயதைச் சரிசெய்து கொடுத்ததும், சின்னவர் ஒரே மணி நேரத்தில் எழுபத்தொரு பொருத்தங்களை எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் கீழும், ஏன் அப்படி நினைக்கிறேன், எதில் சந்தேகம், யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தது. முதலில் இருந்தது தையல்காரியின் அட்டை. அதில் அவள் மகளைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரியையும், பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலிருந்து ஒரு வரியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தது.

அட்டையில்: 'எண்ணும்போது ஒன்பது சொல்ல மாட்டாள். எவ்வளவு திட்டினாலும் எட்டுக்கு அப்புறம் பத்துதான்.'

பதிவேட்டில்: 'வயது ஆறு இருக்கலாம். யாரிடமும் பேசுவதில்லை. படியேறும்போது மட்டும் வாய்விட்டு எண்ணுகிறாள். எட்டிலிருந்து பத்துக்குத் தாவுகிறாள்.'

எழுத்தர் அதைப் படித்தார். திரும்பப் படித்தார். அந்தக் குறிப்பை எழுதிய நாள் அவருக்கு நினைவிருந்தது. காப்பகத்துக் காப்பாளர் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் கிறுக்கியிருந்த வரி அது. வீணாகக் கூடாதென்று எடுத்து எழுதினார். அப்படி எத்தனை குறிப்பு! எந்தப் பிள்ளை எந்தக் காதில் சரியாகக் கேட்காது, எது நாயைக் கண்டால் கூடவே போய்விடும் என்று நெருக்கி நெருக்கி எழுதி வைத்திருந்தார். வயதைத் தாண்டி அந்தப் பத்திக்கு எந்த மனிதரும் வந்ததில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அவர் எழுதியதை முழுசாகப் படித்திருக்கிறார். அந்த ஒருவர் மனிதர்கூட இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் அழுதுவிட்டார். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"கெட்டிக்காரனா இருக்கானே உன் ஆளு" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் தப்பையும் கண்டுபிடிச்சான், நான் செஞ்ச ஒரே நல்ல காரியத்தையும் கண்டுபிடிச்சான்."

அப்புறம் மனிதர்கள் செய்ய வேண்டியதை மனிதர்கள் செய்தார்கள். எழுத்தரே காப்பகத்துக்குப் போன் போட்டார். காப்பாளர் அம்மாள் சிரித்தாராம், பதினைந்து வயதாகியும் அவள் மாடிப்படியில் இன்னும் அப்படித்தான் தாவுகிறாள் என்று. எலும்பும் தோலுமாக வந்ததால் எட்டு வயதை ஆறு என்று மதிப்பிட்டுவிட்டார்களாம். காப்பகமே வைத்த பெயர்தான் பதிவேட்டில் இருந்தது. ஒரு வருஷம் கழித்து அவள் வாய் திறந்து சொந்தப் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லியிருக்கிறாள்; அட்டையில் இருந்த அதே பெயர்கள். அப்போது காப்பகம் தேடுதல் பிரிவுக்குப் போன் செய்து கேட்டதாம். அப்படி யாரும் அட்டை கொடுக்கவில்லை என்று பதில் போனதாம். உண்மைதானே, அம்மாவின் அட்டை வந்ததே அதற்குப் பல மாதம் பின்னால்தான். அதற்கப்புறம் யாரும் கேட்கவும் இல்லை, பெயரை மாற்றச் சொல்லி எழுதவும் இல்லை. அம்மா என்ன வேலை செய்வாள் என்று பெண்ணைக் கேட்டுச் சொல்லச் சொன்னார் எழுத்தர். தையல் என்று சொன்னாள். அவருக்கு அது போதும். அமைப்புக்குப் போதாது; இரண்டு பேருக்கும் எச்சில் எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பினார்கள். விஷயம் கேட்டதும் தையல்காரி கேட்ட முதல் கேள்வி, அவள் எவ்வளவு உயரம் என்பது. பதிவேட்டில் அது இல்லை. எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது முடிவு வந்தது. அம்மாவும் மகளும்தான், சந்தேகமே இல்லை. மேலாளர் கெடுவையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எழுபத்தொன்றையும் சரிபார்க்க ஆள் போட்டார். நல்ல மனுஷி. அறிக்கையில் 'பதிவுக் குளறுபடி' என்று போட்டால் போதும், யாருடைய கை என்று எழுத வேண்டாம் என்று மருமகளிடம் தனியாகச் சொன்னார். மருமகள் அதை மாமனாரிடம் சொன்னாள். அவரோ, காப்பகத்துக்குப் போகும் வண்டியில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மூன்று மணி நேரப் பயணம். தையல்காரி முன்னால் உட்கார்ந்தாள், மாமனாரும் மருமகளும் பின்னால். வழியில் எழுத்தர் ஒரு தடவை, அம்மா நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தார். அவள் திரும்பி, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப்போறேன்னு தெரியலைங்க ஐயா என்றாள். அதோடு அவர் வாயடைத்துப்போனார். மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காப்பகத்தின் வரவேற்பறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மீன்தொட்டி. காப்பாளர் பெண்ணை அழைத்துவந்தார். அம்மாவைவிட ஒரு சாண் உயரம். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தையல்காரி எழுந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பெண் அசையவில்லை. முகம் கல்லாக இருந்தது.

"யாரும் என்னைத் தேடலைன்னு சொன்னாங்க" என்றாள். "நான் கேட்டேன். கேக்கச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒருத்தரும் வரலைன்னு சொல்லிட்டாங்க. இத்தன வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு வந்தீங்க?"

காப்பாளர் தரையைப் பார்த்தார். மருமகள் ஏதோ சொல்லப்போனாள். எழுத்தர் அவளைக் கையமர்த்திவிட்டு எழுந்தார்.

"உங்கம்மா தேடினாங்கம்மா. முறிஞ்ச கால் கூடினதும் நேரா எங்க ஆபீசுக்குத்தான் வந்தாங்க. அப்புறம் மாசாமாசம் வந்தாங்க. நீ என் பதிவேட்டுலதான் இருந்த. உனக்கு ஆறு வயசுன்னு நான் எழுதினேன். அடுத்த வருஷமும் ஆறுன்னு எழுதினேன். ஏழு நோட்டுல எழுதினேன். உங்கம்மா பத்து வயசுப் பொண்ணைத் தேடினாங்க, பதினஞ்சு வயசுப் பொண்ணைத் தேடினாங்க. நாந்தான் உன்னை வளரவே விடலை. தப்பு என்னோடது. அவங்க என் மேசைக்கு முன்னால வந்து நின்னு கேப்பாங்க, நான் இல்லைன்னு சொல்லி அனுப்புவேன். அறுபது தடவ அனுப்பியிருக்கேன்."

தையல்காரி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று அவர் நின்றார்.

பெண் அம்மாவைப் பார்த்தாள். "அறுபது தடவையா?" என்றாள்.

"அறுபத்திரெண்டு" என்றாள் அம்மா. "ரெண்டு தடவ ஆபீஸ் பூட்டியிருந்துச்சு."

பெண் வாசற்படியிலிருந்து இறங்கி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எழுத்தரைத் திட்ட அங்கே யாருக்கும் நேரமில்லை.